மலைநாட்டு இளைஞரும் மதுவும்

திருவள்ளுவர் புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலிலே துறவறவியலுள் அமைத்தார். கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தையோ பொருட்பாலிலே, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே, தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக அமைத்தார். இவ்வைப்பு முறை ஊன்றி நோக்கற்பாலது. ஊன் மறுத்தல் உயிரிரக்கம் காரணமாக ஒருவன் கைக்கொள்ளும் நோன்பு. கள் மறுத்தலோ அவன் குடும்பத்தின் பொருளையும் மானத்தையும், அவன் வாழும் சமுதாயத்தின் உறுதியையும் பற்றியது. ஆதலால் மதுவை ஒருவனுடைய தனிப்பட்ட குற்றமாக மட்டும் கருதி, அவனை இடித்துரைத்துவிட்டு அமைதலாற் பயனில்லை. அது எவ்வாறு வந்தது, எதனால் நிலைக்கின்றது, யாருக்கு ஊதியம் தருகின்றது என்பனவும் ஆராயப்படல் வேண்டும். நுவரெலியா, அட்டன் முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் இளைஞரை மதுவினின்றும் போதைப்பொருள்களினின்றும் காக்கும் வழியை ஈண்டு இந்நோக்கிலேயே ஆராய்வாம்.

தோட்டத்து மக்கள் குடிப்பது அவர்தம் இயல்பு என்று கூறுவார் பலர். நகரத்தார் மாத்திரமன்றித் தோட்டத்தாருட் சிலரும் இதனை உண்மையென நம்புகின்றனர். இந்நம்பிக்கையே முதலிற் களையப்பட வேண்டியது. இயல்பு என்று கொண்டுவிட்ட ஒன்றைத் திருத்த எவரும் முயலார். வரலாற்றை நோக்குமிடத்து, மது இம்மக்களிடம் இயல்பாகத் தோன்றியதன்று, ஓர் ஏற்பாட்டினால் அவர்கள் வாயிலுக்குக் கொண்டுவரப்பட்டது என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை கண்டிச் சீமையிலே பரவலாயிற்று. அதற்கு வேண்டிய தொழிலாளர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் கால்நடையாக வந்து சேர்ந்தனர். அவர்கள் தம் ஊரிற் கள்ளை அறியாதவரல்லர். ஆயினும் கூலிப் பணம் கையில் வந்தவுடனே அதனை வாங்கிக்கொள்ளக் காத்திருந்த சாராயத் தவறணை அவர்களுக்குப் புதியது. அக்காலத்தில் ஆங்கில அரசு ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்திலே குத்தகைக்கு விட்டது. மேற்குக் கரையிலே தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்ட சாராயம் மலைப்பாதைகள் வழியே மேலேறியது. தோட்டங்கள் பெருகப் பெருகக் குத்தகைத் தொகையும் உயர்ந்தது. அரசுக்கு அது ஒரு பெரிய வருவாயாயிற்று. மொறட்டுவையைச் சேர்ந்த டி சொய்சா குடும்பத்தார் போன்றோர் சாராயக் குத்தகையால் ஈட்டிய பொருளை நிலங்களிலும் கோப்பித் தோட்டங்களிலும் முதலிட்டுப் பெருஞ் செல்வராயினர். ஏழைத் தொழிலாளியின் மாலைக் குடியானது அரசின் திறைசேரிக்கும் வணிகரின் செல்வத்துக்கும் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று என்பது மிகைக் கூற்றன்று.

1869இற் கோப்பி இலைகளிலே துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றித் தவறணை மாறவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்துச் சிங்கள மக்களிடையே மதுவிலக்கு இயக்கம் பெருகியது. டி. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது அவர்கள் சிறைப்பட, அவர்கள் பொருட்டு இலண்டன் சென்று வழக்குரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவர். இத்துணை வலிமை வாய்ந்த அவ்வியக்கமும் தோட்டத்து லயங்களுக்குள் நுழையவில்லை. தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவின்றி அயலார் அங்கே காலடி வைத்தல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரே புடைவை வியாபாரி போன்று வேடமிட்டுத் தோட்டங்களுள் நுழைந்தார் என்பர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி மலைநாட்டுக்கும் சென்று மதுவின் கேட்டை எடுத்துரைத்தார். எனினும் அறவுரை ஒரு நாள் வந்து செல்வது. தவறணையோ நாள்தோறும் திறந்திருப்பது.

இவ்வாறு நிலைபெற்ற பழக்கத்துக்கு நாளடைவிற் காரணங்கள் கற்பிக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது குளிர். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. மழையில் நனைந்து மலையிலே வேலை செய்தவனுக்குச் சாராயம் உடற்சூட்டைத் தரும் என்று கூறுவர். உடலியல் நூலார் கூறுவது இதற்கு நேர்மாறானது. மதுசாரம் தோலின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கின்றது. உள்ளுறுப்புக்களிலே காக்கப்பட வேண்டிய சூடான இரத்தம் தோலை நோக்கிப் பாய்கின்றது. அதனால் தோல் சூடேறியது போலத் தோன்றும்; உண்மையில் உடல் தன் வெப்பத்தைக் குளிர்காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டின் கதவைத் திறந்துவைத்து அடுப்பை மூட்டுவது போன்றது இது. குளிரைத் தாங்கக் குடிப்பவன் குளிருக்கே இரையாகின்றான்.

இரண்டாவது காரணம் உழைப்பின் அலுப்பு. மதுசாரம் மூளையின் செயலை மந்தப்படுத்துவதால் அலுப்பு மறக்கப்படுமேயன்றி நீங்குவதில்லை. மதுவால் வரும் உறக்கம் இடையிடையே குலைவது. எனவே மறுநாட் காலையிற் பிரட்டுக் களத்துக்கு வருபவன் முன்னினும் களைத்தவனாகவே வருவான். அக்களைப்பு மாலையில் மீண்டும் குடிக்கக் காரணமாகும்.

இனி, இளைஞன் மதுவை நாடுவது எவ்வாறு என்பதை நோக்குவாம். முதன்முதற் குடிப்பவனுக்குச் சாராயம் கசப்பானது, தொண்டையை எரிப்பது, குமட்டலைத் தருவது. அவ்வாறாகவும் அவன் அதனை மீண்டும் குடிப்பதேன்? சுவையின் பொருட்டன்று, அதற்குப் பிறர் அளித்துள்ள மதிப்பின் பொருட்டேயாம். 1969இல் மக்அன்ட்ரூ, எட்கர்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பல்வேறு நாட்டு மக்கள் குடித்தபின் நடந்துகொள்ளும் முறைகளை ஒப்புநோக்கி ஒரு நூல் வெளியிட்டனர். ஓரினத்தார் குடித்தபின் சண்டையிடுகின்றனர். வேறோரினத்தார் அமைதியாக உறங்குகின்றனர். இன்னோரினத்தார் முன்பு சண்டையிடாதிருந்து பின்னர் வந்தேறியோரைக் கண்டு சண்டையிடப் பழகினர். எனவே நா குழறுதலும் கால் தள்ளாடுதலும் மதுசாரத்தின் செயலாயினும், வெறியாட்டத்திற் பெரும்பகுதி சமுதாயம் கற்பித்ததே என்று அவர்கள் முடிவு செய்தனர். 1973இல் மார்லற் என்பாரும் உடனாய்வாளரும் ஒரு பரிசோதனை நடத்தினர். மது கலந்தது என்று நம்பியவர்கள், அதில் மது இல்லாதபோதும் மிகுதியாகக் குடித்தனர்; மது இல்லை என்று நம்பியவர்கள், அதில் மது இருந்தபோதும் அவ்வாறு மிகுதியாகக் குடிக்கவில்லை. குடியைத் தூண்டுவதில் பானத்தைக் காட்டிலும் நம்பிக்கைக்குப் பங்கு பெரிது என்பது இதனாற் போதரும்.

இவ்வுண்மையை இலங்கையிலே விரித்துரைத்தவருள் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த தியநாத் சமரசிங்க ஆவர். 1987இல் தொடங்கப்பெற்ற மதுசார மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையமும் இவ்வழியிலே பணி செய்து வருகின்றது. மதுவின் தீமைகளைச் சொல்லி அச்சுறுத்துவதனோடு நில்லாது, மதுவைச் சுற்றிப் பின்னப்பட்ட பொய்ம்மதிப்பை அவிழ்த்துக் காட்டுதலே இந்நெறியின் சாரம். குடிப்பவன் கூறும் இன்பம் எத்துணை உண்மை, எத்துணை பாவனை என்று இளைஞரே ஆராய்ந்து பேசும்படி செய்வது அது.

தோட்டத்துப் பிள்ளை இப்பாடத்தை எங்கே கற்கின்றது? ஏறக்குறைய 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பழைய லயக் காம்பறாவிலே கற்கின்றது. அங்கே தந்தையின் குடியும் தாயின் அழுகையும் பிள்ளையின் பாடப்புத்தகமும் ஒரே விளக்கின் கீழ் இருப்பன. சம்பள நாளிலே போத்தல் வாங்கிவரப் பிள்ளை அனுப்பப்படுகின்றது. தீபாவளிக்குப் பெறும் முற்பணத்தின் ஒரு பங்கு புத்தாடைக்கு முன்பே போத்தலுக்காக ஒதுக்கப்படுகின்றது. கல்யாண வீட்டிலே மகிழ்ச்சிக்குக் குடி. இழவு வீட்டிலே துயரத்துக்குக் குடி. காமன் கூத்தின் இரவிலே கண்விழிப்புக்குக் குடி. குடித்தவன் செய்த பிழை, வெறியிற் செய்தது என்று பொறுக்கப்படுகின்றது. குடியாதவன் அதே பிழையைச் செய்தாற் பொறுப்பாரில்லை. இவையனைத்தையும் காணும் பிள்ளை, மது மகிழ்ச்சி தருவது, துயர் தீர்ப்பது, ஆண்மைக்கு அடையாளம், குற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டு என்று எழுத்தின்றியே கற்றுக்கொள்கின்றது. பதினைந்து வயதில் அதன் கையிலே முதற் கிண்ணம் கொடுக்கப்படும்போது, பாடம் முன்னரே முடிந்திருக்கும்.

முதற் கிண்ணம் எந்த வயதில் வருகின்றது என்பதும் சிறிய செய்தியன்று. முன்பின் எண்ணித் துணிதற்கும் தன்னை அடக்குதற்கும் கருவியாகிய முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதளவிலேதான் முழு வளர்ச்சி பெறுகின்றது என மூளையியலார் கண்டுள்ளனர். வளரும் மூளை கல்வியை எளிதிற் பற்றுமாறு போலவே பழக்கத்தையும் எளிதிற் பற்றும். 1997இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேரும், இருபது வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேரும் வாழ்நாளில் ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாயினர். ஆதலால் முதற் கிண்ணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடச் செய்தலும் பெரும் பயன் தருவதேயாம்.

இக்காலத்து இளைஞரை எதிர்நோக்குவது மது ஒன்றுமட்டுமன்று. வெற்றிலையும் புகையிலையும் தோட்டத்திலே நெடுங்காலமாக வழங்குவன. அவற்றோடு இனிப்பும் மணமும் ஊட்டப்பட்ட பாபுல், மாவா முதலிய பொதிகள் மாணவரிடையே புகுந்தன. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு இப்பழக்கம் பெருங் காரணம். புகையற்ற புகையிலைப் பொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் 2016இல் தடை செய்யப்பட்டன. எனினும் பொதிகள் மறைவாக வருவது ஒழியவில்லை. இவற்றின் மேலாகக் கஞ்சா கலந்த லேகியங்களும், வலி நீக்கும் மாத்திரைகளும், ஐஸ் எனப்படும் கொடிய இரசாயனப் பொருளும் நாட்டிலே பரவியுள்ளன. ஐந்து கிராமுக்கு மேற்பட்ட ஐஸ் வைத்திருத்தலை மரண தண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 2022இல் நிறைவேறியது. சட்டம் இத்துணைக் கடுமையாயினமை நோயின் கடுமையைக் காட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பத்தாம் பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைக்குச் செல்கின்றனர். பெற்றோர் கண்ணுக்கு எட்டாத இடத்திலே, கையிற் சிறிது பணத்தோடும் மனத்திற் பெருந் தனிமையோடும் வாழும் அவர்களே போதைப்பொருள் விற்பவனுக்கு எளிய இரையாவர். பாக்குப் பொதியை ஒளித்து வாங்கப் பழகிய கை பிறிதொரு பொதியையும் அவ்வாறே வாங்கும் என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

நிற்க. இத்தீமையைக் குறைத்தல் இயலுமா எனின், இயலும் என்பதற்கு உலகிலே சான்று உண்டு. குளிரின் பெயரால் மதுவை ஏற்பது தகுமாயின், நம்முடைய மலைநாட்டினும் மிகக் குளிர்ந்த ஐஸ்லாந்துத் தீவுக்கே அது முதலில் தகும். அந்நாட்டிலே 1998இற் பதினைந்து, பதினாறு வயது மாணவருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாகக் கூறினர். 2016இல் அத்தொகை நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. அவர்கள் செய்தவை யாவை? ஆண்டுதோறும் மாணவரிடமே வினாவி உண்மை நிலையை அறிந்தனர். பள்ளிதோறும் பெற்றோர் கூடி, பிள்ளைகளை இரவில் வெளியே திரியவிடுவதில்லை என்றும், அவர்களோடு அதிக நேரம் இருப்பது என்றும் உடன்படிக்கை செய்துகொண்டனர். விளையாட்டு, இசை, ஓவியம் முதலியவற்றுக்கு அரசும் ஊராட்சியும் பொருளுதவி செய்தன. மது விளம்பரம் தடுக்கப்பட்டது. இளைஞனுடைய மாலைப் பொழுதை வெறுமையாக விடாது நிறைத்தனர் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

ஐஸ்லாந்தின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. எனினும் அங்குப் பயன் தந்தவற்றுட் பல பணத்தால் ஆவன அல்ல. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ உண்டு. பிரட்டுக் களமும் பிள்ளை மடுவமும் உண்டு. மாலையிலே பூட்டிக் கிடக்கும் இவ்விடங்களுள் ஒன்றிலே விளக்கேற்றி, பிள்ளைகள் இருந்து படிக்க நான்கு வாங்குகளும், வாசிக்கச் சில நூல்களும் வைத்தல் ஒரு தோட்டத்தார் கூடிச் செய்யத்தக்கதே. தப்பும் கூத்தும் மலையகத்தாரின் அருங்கலைகள். அவற்றை முதியோர் இளைஞருக்கு முறையாகக் கற்பித்து, குடியின்றி ஆடுவது என்னும் கட்டுப்பாட்டையும் உடன் வைத்தாற் கலையும் வாழும், பிள்ளையும் வாழும். திருவிழாச் சபையார் தேரிழுக்கும் நாளிலே குடித்தவர் வடம் தொடலாகாது என்று விதிப்பராயின், நூறு சொற்பொழிவின் பயனை அவ்வொரு விதி தரும். குடியாமையே மதிப்புக்குரியது என்பதை ஊர் காண அது நிலைநாட்டும்.

சட்டமும் ஓரளவு நமக்குத் துணையாக உள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரமும் புகையிலையும் விற்றலைக் குற்றமாக்கியது. அவற்றின் விளம்பரத்தையும் தடுத்தது. ஆகவே தந்தையின் பொருட்டுப் போத்தல் வாங்கச் செல்லும் சிறுவனுக்கு விற்கும் கடைக்காரன் சட்டத்தை மீறுகின்றான். இதனை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? அறிந்து முறையிடுவோர் எத்தனை பேர்? மதுச்சாலைகளுக்கு அனுமதி வழங்கப்படும் முறை பற்றியும் மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். 2024இல் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களைக் குறித்து நாடெங்கும் எழுந்த கேள்வியின் பயனாக அவற்றின் விபரம் அவ்வாண்டு டிசம்பரிலே பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. கேட்டாற் கிடைக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தவறணைகளையெல்லாம் ஒரேயடியாக மூடிவிட்டாலென்ன என்று சிலர் வினாவுவர். அதற்குத் தமிழ்நாட்டின் வரலாறு விடை தரும். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை ஏற்படுத்தினார். 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. ஆயினும் 1971இல் அது தளர்த்தப்பட்டது. 2003இல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசு நிறுவனத்தின் தனியுரிமையாயிற்று. அரசு மதுவின் வருவாயை நம்பியிருக்கும் வரையும், மக்கள் மனத்திலே மதுவுக்கு மதிப்பு இருக்கும் வரையும் மதுவிலக்குச் சட்டம் நீடித்து நில்லாது என்பது இதனால் விளங்கும். மேலும், தவறணை மூடப்பட்டு விருப்பம் மூடப்படாத இடத்திலே கசிப்புத் தோன்றும். கசிப்பில் நஞ்சு கலந்து கண்ணொளியும் உயிரும் இழந்தார் உளர். எனவே கடைகளைக் குறைத்தலும் மனத்தைத் திருத்தலும் இரு கைகள் போல ஒருங்கே தொழிற்படல் வேண்டும்.

பொருட்பாலிற் கள்ளுண்ணாமையை வைத்த வள்ளுவரின் கருத்தை இங்கே மீண்டும் நினைவுகூர்தல் தகும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்குவதற்கு ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது; 2021இலேதான் அது கைகூடியது. 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. அவ்வாண்டில் ஒரு போத்தல் சாராயத்தின் விலை இரண்டு நாட் சம்பளத்தையும் விழுங்க வல்லதாயிருந்தது. மலையேறி இறங்கிக் கொழுந்து பறித்த தாயின் இரண்டு நாளுழைப்பு ஓரிரவில் முடிகின்றது. சங்கம் பேசி வென்ற சம்பள உயர்வைத் தவறணை பேசாமலே வென்றுவிடுகின்றது. ஆகவே சம்பளத்துக்காகப் போராடும் தொழிற்சங்கங்கள், அச்சம்பளம் வீடு சேர்வதற்கும் போராடுதல் தம் கடமையெனக் கொள்ளுதல் வேண்டும்.

ஏற்கெனவே பழக்கத்துக்கு அடிமைப்பட்டோரைப் பற்றியும் ஒரு சொல். அவர்களை ஏசுவதும் பள்ளியினின்று துரத்துவதும் அவர்களை விற்பவனிடமே சேர்த்துவிடும். அடிமைப்பாடு நோயாதலின் நோய்க்குரிய பரிவும் மருத்துவமும் வேண்டப்படும். நெடுநாட் பெருங்குடியர் திடீரென நிறுத்துமிடத்து வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகலாம். ஆதலின் அரசாங்க வைத்தியசாலையின் மருத்துவரை அணுகி நிறுத்துதலே நன்று. 1984இல் நிறுவப்பெற்ற தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் ஆலோசனையும் சிகிச்சையும் அளிக்கின்றது.

நாவலர் பெருமான் சிறுவருக்கென எழுதிய பாலபாடத்திலே கள்ளுண்ணலின் கேட்டை ஒரு பாடமாக வைத்தார். வளர்ந்தபின் திருத்துதலினும் வளரும்போது கற்பித்தலே எளிது என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் ஆசிரியர் செய்யத்தக்கது அதுவே. ஆனால் வகுப்பிலே ஆசிரியர் கற்பிப்பதை மாலையிலே லயம் மறுத்துக் கற்பிக்குமாயிற் பாடம் நில்லாது. தந்தை தன் மகனைப் போத்தல் வாங்க அனுப்பாதிருத்தல். தாய் குடியை ஆண்பிள்ளையின் இயல்பு என்று பொறாதிருத்தல். மூத்த இளைஞர் இளையவர் கையிலே முதற் கிண்ணத்தைக் கொடாதிருத்தல். கோயிற் சபையார் குடியாதவரை முன்னிறுத்துதல். விடுமுறைக்கு வரும் மாணவர் தம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் சிறியன. எனினும் இவற்றுள் ஒன்றுக்கேனும் துரையின் இசைவோ அரசின் ஆணையோ வேண்டியதில்லை. மது மலைக்குப் பிறர் ஏற்றிவிட்ட சரக்கு. அதனை நம் இயல்பென்று சுமக்க வேண்டிய கடப்பாடு நம் பிள்ளைகளுக்கு இல்லை.